சுற்றத் தயங்கும் குளியலறை விசிறி





இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கணவன் மனைவி பிணக்கு, பிள்ளை வளர்ப்பு, ஸகாத் கணக்கு, கடன் கொடுக்கல் வாங்கல் என்பன பற்றியவை. இம்முறை ஒரு சகோதரி தமது குளியலறையிலுள்ள 'எக்ஸோஸ்ட் ஃபேன்' பற்றி எழுதியிருக்கிறார். மின்விசிறிக்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். கடிதத்தை முழுதாக வாசித்தால் அதில் ஒரு பிள்ளையின் உயிர், ஒரு நோயாளியின் சுகம், வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் உள்ள உரிமை, அயலவரின் உரிமை ஆகிய நான்கும் அடங்கியிருப்பது விளங்கும்.

கடிதத்தின் சுருக்கம் இதுதான்: சகோதரியின் கணவர் மத்திய கிழக்கில் தொழில் செய்கிறார். மாமியுடனும் பிள்ளைகளுடனும் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தட்டில் இருக்கிறார். நெருக்கமாக வீடுகள் கட்டப்பட்ட ஊர். குளியலறைக்கு யன்னல் இல்லை. ஈரமும் வாடையும் வெளியேற அந்த விசிறி ஒன்றுதான் வழி. மூன்று மாதங்களாக சுவிச்சைப் போட்டதும் அது 'உம்' என்று முனகிக்கொண்டு நிற்கிறது. ஓரிரு நிமிடங்கள் கழித்து மெல்ல அசைந்து பின்னர்தான் வேகம் பிடிக்கிறது. சில நாட்களில் தானாக அசைவதே இல்லை. பதினான்கு வயது மகன் ஸ்டூலில் ஏறி, தும்புத்தடியின் காம்பால் இதழைத் தட்டி விடுகிறான். உடனே சுற்றத் தொடங்கிவிடுகிறது. ஒருமுறை சுற்றத் தொடங்கினால் பிரச்சினை இல்லை என்பதால் இப்போது இரவு பகலாக நிறுத்தாமலே விட்டிருக்கிறார்கள். மாமிக்கு முட்டு வருத்தம்; சுவரில் பூஞ்சணம் பிடித்த பிறகு அது கூடியிருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர், "நீங்கள் பாவித்துப் பழுதாக்கியதை நீங்களே திருத்துங்கள்" என்கிறார். வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்பது சகோதரியின் கேள்வி. விசிறியின் சட்டத்திலிருந்து சொட்டும் நீர் உடம்பில் பட்டால் குளிப்பு கூடுமா என்றும் கேட்கிறார்.

இதில் மின்சாரம் சம்பந்தப்பட்ட பகுதியை அத்தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பிரயாணம் ஒன்றில் தலையில் காயம்பட்டிருந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று அவர் தோழர்களிடம் கேட்டார். இல்லையென்று அவர்கள் கூற, அவர் குளித்து, அதனால் இறந்துபோனார். செய்தி கிடைத்தபோது நபியவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்து, தெரியாதவன் கேட்டறிவதே அறியாமைக்கு மருந்து என்று உணர்த்தினார்கள். இதை அபூதாவூதில் காணலாம். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்காமல் செய்வது உயிரையே வாங்கிவிடும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

முதலில் செய்ய வேண்டியது

தடியால் தட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். குளித்த உடம்பு, ஈரத் தரை, ஆடும் ஸ்டூல், மேலே 230 வோல்ட் மின்சாரம். காம்பு வழுக்கிக் கம்பிச் சட்டத்தில் பட்டாலும், கால் வழுக்கிக் கை அந்தச் சட்டத்தைப் பிடித்தாலும் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். "எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறது" என்று சொல்வோர் உண்டு. அது இருக்க வேண்டியதுதான். மின்சாரம் உடம்பின் வழியாகவோ வேறு வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தால் அது துண்டித்துவிடும். வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழக்கூடியது. ஆனால், இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டவரை அது காப்பாற்றாது. ஸ்டூலிலிருந்து விழுவதையும் அது தடுக்காது.

இரண்டாவது, விசிறியை இரவு பகலாக ஓட விடுவதையும் நிறுத்துங்கள். இது தட்டுவதைவிட ஆபத்தானது என்பதைப் பலர் அறிவதில்லை. மோட்டார் சுற்றும்போது அதன் இதழ் இழுக்கும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. சுற்றாமல் நிற்கும் மோட்டாருக்குள் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் அந்தச் சக்தி முழுவதும் சூடாக மாறுகிறது. இரவில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் என்ன நடக்கும்? தட்டிவிட ஆளில்லை. எல்லோரும் உறக்கம். விசிறி முனகிக்கொண்டு நிற்கிறது, மோட்டார் கொதிக்கிறது, அதன் மேல் பல வருடத் தூசும் பஞ்சும் படிந்திருக்கிறது. இந்த நிலையை ட்ரிப் சுவிச் கண்டுகொள்ளாது. ஏனெனில் நிலத்துக்கு எந்தக் கசிவும் இல்லை. சிறிய மோட்டார் என்பதால் அது எடுக்கும் மின்சாரம் மற்றைய பாதுகாப்புச் சுவிச்சை விழுத்தும் அளவுக்கும் உயராது.

நல்ல மோட்டார்களின் சுருளுக்குள் சூடு எல்லை மீறினால் அறுந்துபோகும் ஒரு சிறு உருகி வைத்திருப்பார்கள். அது அறுந்தால் விசிறி ஒரேயடியாக நின்றுவிடும். சில திருத்துபவர்கள் அந்த உருகியை நீக்கிவிட்டுக் கம்பியை நேரே இணைத்து ஓடவைத்துத் தருவார்கள். அப்படிச் செய்ய ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். அது வீட்டுக்குக் காவலாக வைக்கப்பட்டதைக் கழற்றி எறிவதாகும்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. நெருப்பு மனிதனுக்குப் பகைவன் என்பதை நினைவூட்டி, உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடும்படி அவர்கள் பணித்தார்கள். விளக்கின் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக்கூடும் என்ற காரணத்தையும் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இக்கருத்து வருகிறது. அன்றைய வீட்டில் திரிவிளக்கு. இன்றைய வீட்டில் பழுதான மோட்டார், தேய்ந்த வயர், தரமற்ற சார்ஜர். பொருள் மாறினாலும் காரணம் அப்படியே இருக்கிறது. உறங்கும் முன்னர் இவற்றை நிறுத்துவது சுன்னத்தின் கருத்துக்குள் அடங்கும் செயல்.

ஏன் தயங்குகிறது?

குளியலறை விசிறிகளில் இரண்டு விதமான மோட்டார்கள் உண்டு. நாலங்குலம், ஆறங்குலம் போன்ற சிறியவற்றில் பெரும்பாலும் இரும்புத் தகட்டின் ஓரத்தில் ஒரு செப்பு வளையம் பதித்த எளிய மோட்டார் இருக்கும். அதற்குத் தொடங்கும் பலம் இயல்பிலேயே குறைவு. கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் எண்ணெய்ப் பசையின்மை இருந்தாலே தயங்கும். சற்றுப் பெரியவற்றில் கூரை விசிறியைப் போலக் 'கெபாசிட்டர்' இருக்கும். பாடசாலைப் புத்தகத்தில் பிள்ளைகள் கொள்ளளவி என்று படிப்பது இதைத்தான். பழைய பாஸ்மார் 'கண்டென்சர்' என்பார்கள்.

வீட்டு மின்சாரம் மோட்டாருக்குள் உண்டாக்கும் காந்த இழுவை முன்னும் பின்னுமாகத் துடிக்குமே தவிர, தானாக ஒரு திசையில் சுழலாது. இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்சாரத்தைக் கெபாசிட்டர் சற்று முன்பின்னாக்கி, "இந்தப் பக்கம் சுற்று" என்று திசை காட்டுகிறது. கெபாசிட்டர் பலம் இழந்தால் மோட்டார் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முனகிக்கொண்டு நிற்கும். தட்டிவிட்டால் தட்டிய பக்கமே ஓடும். தவறான பக்கம் தட்டினால் எதிர்ப்புறம் சுற்றி, வெளிக்காற்றை உள்ளே தள்ளுவதும் உண்டு. எனவே தட்டினால் ஓடுகிறது என்பது விசிறி நல்ல நிலையில் இருப்பதற்கு அடையாளமல்ல.

கருவியில்லாமல் கண்டறிதல்

முதலில் கவனியுங்கள். சுவிச்சைப் போட்டதும் முனகல்கூட இல்லாமல் அமைதியாக இருந்து, பின்னர் திடீரென்று முழு வேகத்தில் தொடங்குகிறதா? அப்படியானால் சுவிச்சின் உட்பகுதி கருகியோ தளர்ந்தோ இருக்கலாம். சில புதிய விசிறிகளில் நேரம் கணக்கிடும் அமைப்பு உண்டு. லைட்டைப் போட்டுச் சற்று நேரம் கழித்தே அவை தொடங்கும். இன்னும் சிலவற்றில் சூடேறித் திறக்கும் மூடி இருக்கும். அது திறக்க ஒரு நிமிடமளவு எடுக்கும். இவை பழுதல்ல, அமைப்பே அப்படி. வாங்கியபோது தந்த கடதாசியைப் பார்த்தால் தெரியும்.

மாலை வேளையில், ஊரெல்லாம் மின்சாரம் பாவிக்கும் நேரத்தில் மட்டும் தயங்குகிறதா? அப்போது லைட்டும் மங்கலாக எரிகிறதா? அப்படியானால் வோல்ட் குறைவு காரணமாகலாம். வீட்டுக்கு வரும் மின்சாரத்தை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். விசிறிக்கு வேகம் குறைக்கும் ரெகுலேட்டர் இருந்தால் அதை முழுவேகத்தில் வைத்துத் தொடங்கிப் பாருங்கள். குறைந்த வேகத்தில் தொடங்கும்போது பலமும் குறையும்.

முனகிக்கொண்டு தயங்குகிறதென்றால் அடுத்த சோதனை இது. சுவரிலுள்ள சுவிச்சை மட்டுமன்றி மெயின் சுவிச்சையும் நிறுத்துங்கள். வயரிங் செய்தவர் கம்பியை மாற்றி இணைத்திருந்தால் சுவர் சுவிச் நிறுத்தியிருந்தும் விசிறியில் மின்சாரம் இருக்கும். அத்துடன் மெயினை யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி ஒருவரை அருகில் நிறுத்துங்கள். காய்ந்த தரையில், உறுதியான ஏணியில், காய்ந்த கையோடு ஏறி, முன் சட்டத்தைக் கழற்றி, இதழை விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள்.

இலகுவாகப் பல சுற்றுச் சுற்றி மெதுவாக நிற்கிறது என்றால் உருளும் பகுதி நல்லது; சந்தேகம் கெபாசிட்டர் பக்கம் போகிறது. கனமாக இருக்கிறது, ஒரு சுற்றோடு நிற்கிறது என்றால் அழுக்கோ எண்ணெய்ப் பசையின்மையோ துருவோதான் காரணம். ஓரிடத்தில் உரசுகிறது என்றால் இதழ் வளைந்திருக்கலாம், அல்லது சட்டத்தின் திருகாணி தளர்ந்திருக்கலாம். வெளிப்புறமும் போய்ப் பாருங்கள். குளவிக் கூடு, பறவைக் கூடு, பல்லி, சுவருக்குப் பூசிய பெயின்ட் ஒட்டித் திறக்காமல் போன மூடி என்று பல தடைகள் அங்கே இருக்கும்.

துப்புரவு செய்யும் முறை

குளியலறை விசிறியில் சேரும் அழுக்கு சாதாரணத் தூசு அல்ல. துவாய்ப் பஞ்சும் முகப்பவுடரும் ஈரத்தோடு குழைந்து களிபோல் படியும். இது இதழின் பாரத்தைக் கூட்டுவதோடு அச்சைச் சுற்றி இறுகியும் விடுகிறது. கரையோர ஊர்களில் உப்புக்காற்றால் துருவும் சேர்ந்துகொள்ளும்.

மெயினை நிறுத்திய நிலையில், இதழைக் கழற்ற முடியுமானால் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வையுங்கள். இதழைப் பிடித்திருக்கும் மரை சிலவற்றில் வழமைக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். வராவிட்டால் பலம் பாவிக்க வேண்டாம். மோட்டாரின் மேல் தண்ணீர் படவே கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷால் காய்ந்த நிலையிலேயே துடையுங்கள்.

பிறகு எண்ணெய். மோட்டாரின் அச்சு இரு முனைகளிலும் 'புஷ்' எனப்படும் சிறு வெண்கல வளையங்களில் சுற்றுகிறது. அவற்றில் தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயை ஒவ்வொரு முனைக்கும் ஓரிரு துளி விட்டு, கையால் சுழற்றி, சில நிமிடங்கள் ஊற விடுங்கள். கூட விட்டால் அதுவே தூசைப் பிடித்து மீண்டும் இறுக்கும். குசினியிலுள்ள தேங்காய் எண்ணெயை விடாதீர்கள். அது நாளடைவில் பிசினாகிவிடும். நுவரெலியா போன்ற குளிர் ஊர்களில் உறைந்தும் போகும். துரு நீக்கப் பாவிக்கும் ஸ்ப்ரேயும் நிலையான தீர்வல்ல. அடித்தவுடன் இலகுவாகச் சுற்றும். ஆவியாகிய பிறகு முன்னிருந்த பசையையும் கழுவிச் சென்றிருக்கும். 'புஷ்'ஷுக்குப் பதிலாக மூடிய பெயாரிங் உள்ள மோட்டாரில் எண்ணெய் விட்டுப் பயனில்லை. தேய்ந்திருந்தால் பெயாரிங்கையே மாற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்து எல்லாம் காய்ந்த பிறகு பூட்டி, மெயினைப் போட்டுப் பாருங்கள். தயங்கும் விசிறிகளில் பல இந்தத் துப்புரவோடு சரியாகிவிடுவதாக அனுபவமுள்ள பாஸ்மார் சொல்கிறார்கள்.

பாஸை அழைக்க வேண்டிய இடம்

இதழ் இலகுவாகச் சுற்றியும் தொடங்கத் தயங்கினால் கெபாசிட்டரை மாற்ற வேண்டும். இது வயரிங் பாஸின் வேலை. ஏனெனில் மெயினை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும். பழைய கெபாசிட்டரின் மேல் எழுதியிருக்கும் மைக்ரோ பரட் அளவே புதியதிலும் இருக்க வேண்டும். சிறிய விசிறிகளில் இது பெரும்பாலும் 1 முதல் 3 வரை இருக்கும். வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது. "பெரியதைப் போட்டால் நன்றாக இழுக்கும்" என்று கூடிய அளவுள்ளதைப் போட்டால் சுருள் சூடாகிக் கெட்டுவிடும். வருடங்கள் செல்லச் செல்லக் கெபாசிட்டர் மெல்ல மெல்லத் தன் அளவை இழப்பது இயல்பு. 1.5 என்று எழுதியது அளக்கும்போது 1 இற்கும் கீழே காட்டினால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். முழு விசிறியோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது.

எரிந்த வாடை, கருகிய நிறம், உருகிய வயர் தென்பட்டால் திருத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். புதிய விசிறி வாங்குவதே சிக்கனம்.

பாஸை அழைக்கும்போது கூலியை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். கூலி தெளிவில்லாத வேலை பிணக்கில்தான் முடியும். வேலை முடிந்ததும் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். கணவர் வெளிநாட்டிலிருக்கும் வீட்டில், சகோதரனோ தகப்பனோ நெருங்கிய உறவுக்காரர் ஒருவரோ வீட்டிலிருக்கும் நேரம் பார்த்து அழைப்பது பண்பாடு, வீண்பேச்சுக்கும் இடமிராது. பாஸ்மாருக்கும் ஒரு வார்த்தை: மருத்துவம் தெரியாதவன் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவனே பொறுப்பாளி என்பது நபிமொழியிலிருந்து பெறப்பட்ட சட்டம். தெரியாத மின்வேலையைத் தெரிந்ததாகக் காட்டிச் செய்பவர் இதை நினைவில் வைக்கட்டும்.

சொட்டும் நீர் நஜீஸா?

விசிறியின் சட்டத்திலிருந்து விழும் துளி, குளிக்கும்போது எழும் ஆவி குளிர்ந்து நீரானதுதான். சுத்தமான நீரின் ஆவி சுத்தமானது. நஜீஸ் கலந்ததென்று உறுதியாகத் தெரிந்தாலன்றி, வெறும் சந்தேகத்தால் எதையும் அசுத்தமென்று கொள்ள மாட்டோம். உறுதி சந்தேகத்தால் நீங்காது என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. எனவே குளிப்பும் வுழூவும் கூடும். வஸ்வாஸுக்கு இடம் கொடுக்க வேண்டாம். எனினும் நீர் சொட்டுவது வெளிக்குழாய் உட்பக்கமாகச் சாய்ந்திருப்பதன் அடையாளமாகலாம். அந்நீர் மோட்டாரில் இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். குழாய் வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும்.

திருத்தும் செலவு யாருடையது?

நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஹிஜ்ரி 676 இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், வாடகை வீட்டைப் பழுதுபார்ப்பது வீட்டுச் சொந்தக்காரரைச் சார்ந்தது என்றும், அவர் விரைந்து திருத்தாவிட்டால் வாடகைக்கு இருப்பவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உரிமையுண்டு என்றும் காணலாம். அதே இடத்தில், வீட்டு முற்றத்தில் சேரும் குப்பையையும் பனியையும் அகற்றுவது வாடகைக்கு இருப்பவரின் வேலை என்றும் கூறப்படுகிறது. டமஸ்கஸில் பனி விழும். நமக்குப் பனி இல்லை, பஞ்சும் பவுடரும் இருக்கிறது. இவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நமது விடயத்தோடு பொருத்திப் பார்த்தால், பாவிப்பதால் படிந்த அழுக்கைத் துடைப்பதும் எண்ணெய் விடுவதும் சகோதரியின் பொறுப்பு. காலத்தால் பலமிழந்த கெபாசிட்டரையும் தேய்ந்த மோட்டாரையும் மாற்றுவது சொந்தக்காரரின் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர் அப்பொருளுக்கு அமானிதக்காரர். வழமையான பாவனையால் பழுதானால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. எல்லை மீறியோ அலட்சியத்தாலோ கெடுத்தால் ஈடு செய்ய வேண்டும். பழுதென்று தெரிந்தும் இரவு பகலாக ஓடவிட்டு அது எரிந்துபோனால், அலட்சியம் என்ற பக்கம் சாய்ந்துவிடும். சகோதரி இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வாடகையில் கழிப்பது பற்றி: சொந்தக்காரரின் சம்மதமின்றித் தாமாகக் கழித்துக்கொள்ள வேண்டாம். முதலில் துப்புரவு செய்து பாருங்கள். அதன் பின்னரும் தயங்கினால் பாஸைக் கொண்டு காரணத்தைக் கண்டறிந்து, "துப்புரவு செய்துவிட்டோம், கெபாசிட்டர்தான் பழுது, செலவு இவ்வளவு" என்று மரியாதையாகத் தெரிவியுங்கள். கணவரோ உறவுக்காரர் ஒருவரோ பேசுவது நல்லது. ஒப்பந்தக் கடதாசியில் திருத்த வேலை பற்றி ஏதும் எழுதியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அவர் சம்மதித்தால் கழித்துக்கொள்ளலாம்.

வீடு வாடகைக்குக் கொடுப்போருக்கும் சொல்கிறேன். மாதா மாதம் வாடகை வாங்குவது நான்கு சுவருக்காக மட்டுமல்ல, அந்த வீட்டில் குடியிருக்கும் பயனுக்காக. யன்னலில்லாக் குளியலறைக்கு விசிறி அலங்காரப் பொருளல்ல. அதுதான் அவ்வறையின் மூச்சு. ஒரு சிறிய கெபாசிட்டருக்காக ஒரு வயோதிபத் தாயின் மூச்சு முட்டுவதையும், ஒரு பிள்ளை மின்சாரத்தின் கீழ் தடியோடு நிற்பதையும் எந்த முஸ்லிமும் விரும்ப மாட்டார்.

அயலவர் பக்கம்

விசிறி சரியாகி வேகமாகச் சுற்றத் தொடங்கியதும் இன்னொரு கேள்வி எழும். அது வெளியே தள்ளும் வாடையும் ஈரமும் எங்கே போகின்றன? நெருக்கமான நமது ஊர்களில் ஒரு வீட்டுக் குளியலறை விசிறி அடுத்த வீட்டுக் குசினி யன்னலுக்கு நேரே இருப்பதைக் காண்கிறோம். பொதுக் குளியலகங்களினதும் ரொட்டி அடுப்புகளினதும் புகையால் அயலவருக்கு நேரும் தொல்லை பற்றிப் பழைய பிக்ஹ் நூல்களே பேசுகின்றன. தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது ஹிஜ்ரி 911 இல் வபாத்தான இமாம் சுயூத்தி (ரஹ்) போன்றோர் விரித்துரைத்த ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. காற்றை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ திருப்பும் ஒரு சிறு மூடியைப் பொருத்தினால் விடயம் முடிந்துவிடும். திருத்த வரும் பாஸிடமே அதையும் சொல்லிவிடுங்கள்.

பழக்கமாக்க வேண்டியவை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மெயினை நிறுத்தி, விசிறியின் சட்டத்தைத் துடைத்துவிடுங்கள். குளித்து முடிந்த பின்னரும் பதினைந்து, இருபது நிமிடங்கள் ஓட விட்டு நிறுத்துங்கள். கதவின் கீழ் ஒரு சென்டிமீட்டர் அளவாவது இடைவெளி இருக்கட்டும். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் எந்த விசிறியாலும் வெளியே தள்ள முடியாது. ஒரு மெல்லிய கடதாசியைச் சட்டத்தின் கீழ் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் இழுவை போதாது. ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றைக்கே பாஸை அழையுங்கள். பூஞ்சணம் பிடித்த சுவரைத் துடைக்கும்போது முட்டு வருத்தமுள்ளவரை அப்பக்கம் வர விடாதீர்கள்.

சுத்தம் ஈமானின் பாதியென்று மக்தப் வகுப்பில் நமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தச் சுத்தத்தை நிறைவேற்றும் இடம் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ஆபத்தில்லாததாக இருப்பதும் அப்பாடத்தில் ஒரு பகுதிதான். வீட்டிலே சிறிய பழுதொன்று தெரிந்ததும் அதற்கொரு குறுக்கு வழி கண்டுபிடித்துப் பழகிவிடாமல், அன்றைக்கே அதன் காரணத்தைத் தேடுவோம். அல்லாஹ் நமது வீடுகளையும் அவற்றில் உள்ளோரையும் நெருப்பிலிருந்தும் நோயிலிருந்தும் பிணக்கிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.